மதுரைக் கம்ப்யூட்டருக்கு அகிஹபராவில் உதிரி

டோக்கியோவின் அகிஹபரா ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை முதலில் இழுப்பது பெரிய கட்டடங்களின் விளக்குப் பலகைகள். அனிமே பொம்மைகள், மாடி மாடியாக ஏறும் கடைகள், வாசலில் நின்று கூவி அழைக்கும் குரல்கள். கூட்டம் முழுக்க அந்தப் பக்கமே போகிறது. நான் சொல்ல வரும் அகிஹபரா ரயில் பாலத்தின் அடியில் இருக்கிறது.

சோபு லைன் ரயில்கள் ஓடும் பாலத்துக்குக் கீழே ரேடியோ சென்டர் என்று ஓர் இடம். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. இருபுறமும் நம் ஊர்ப் பெட்டிக்கடை அளவில் கடைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெரியவரோ பெரியம்மாவோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டாத சரக்கு அந்தக் கடையில் இல்லை. ஒரு கடையில் சுவிட்சுகள் மட்டும். அடுத்ததில் டிரான்ஸ்ஃபார்மர்கள் மட்டும். இன்னொன்றில் எல்லா நிறத்திலும் எல்லாப் பருமனிலும் ஒயர்ச் சுருள்கள். தலைக்கு மேலே ரயில் போகும்போது இழுப்பறைகளில் இருக்கும் திருகாணிகள் லேசாக அதிர்கின்றன. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இந்தக் கடைகள் இங்கே வந்து சேர்ந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. போர் முடிந்து டோக்கியோ எரிந்து கிடந்த நாட்களில் எல்லோருக்கும் ரேடியோ வேண்டியிருந்தது. அருகில் இருந்த கந்தா பகுதியில் ஒரு மின்னியல் பள்ளி. இன்றைய டோக்கியோ டென்கி பல்கலைக்கழகத்தின் தாய்ப்பள்ளி. அதன் மாணவர்கள் உதிரி வாங்கி ரேடியோ கட்டி விற்றார்கள். அவர்களை நம்பித் தெருவோரத்தில் வால்வும் கண்டென்சரும் விற்கும் கடைகள் பெருகின. 1949-ல் தெருவோரக் கடைகளை எல்லாம் அகற்றச் சொல்லி அமெரிக்கத் தலைமையிலான நிர்வாகம் உத்தரவு போட்டது. பிழைப்புக்கு வழி கேட்டு வியாபாரிகள் மன்றாடியதில் பாலத்தடியில் இடம் கிடைத்தது. தன் கருவியைத் தானே கட்டிக்கொள்ளும் ஆட்களுக்காகப் பிறந்த சந்தை இது.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ரேடியோ கைகான். 2014-ல் புதிதாகக் கட்டித் திறந்த கட்டடம். ஆனால் பழைய கட்டடம் நின்ற அதே இடம். 1976-ல் அதன் ஏழாவது மாடியில் என்இசி நிறுவனம் ‘பிட்-இன்’ என்ற சிறு கூடத்தைத் திறந்தது. அந்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட டிகே-80 என்ற கிட்டை வாங்கியவர்கள், சந்தேகம் கேட்க அங்கேதான் வந்தார்கள். விலை 88,500 யென். நாமே சால்டரிங் வைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டிய ஒற்றைப் பலகை. 25 விசைகள், எட்டு எண்கள் ஒளிரும் சிறு காட்சிப்பட்டை, 512 பைட் நினைவகம். பொறியாளர்களின் பயிற்சிக்காகச் செய்த பொருள். அதைப் பள்ளிப் பையன்களும் அலுவலக ஊழியர்களும் வாங்கிப்போய், வீட்டு மேசையில் வைத்து, தங்களுடைய கம்ப்யூட்டர் என்று கொண்டாடினார்கள். ஜப்பானில் பெர்சனல் கம்ப்யூட்டர் பிறந்த இடம் என்று சொல்லும் பலகை ஒன்று கட்டடத்தில் இருக்கிறது. அதன் முன் நின்றபோது மனசு நிறைந்தது. கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டத் தெரிந்த யாருக்கும் அது ஒரு தலம்தான்.

நான் டோக்கியோவுக்குப் போனது 2025 டிசம்பர் முதல் வாரத்தில், அலுவலக வேலையாக. வேலை முடிந்த மாலைகளில் அகிஹபராவில் எனக்கு ஒரு சொந்தக் காரியம் இருந்தது. மதுரையில் எங்கள் வீட்டு மாடியறையில் நானும் தம்பியும் சேர்ந்து கட்டிய ஒரு கேமிங் கம்ப்யூட்டர் இருக்கிறது. ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. கட்டிய காலத்தில் கௌரவமான மெஷின். ஆனால் புதிய விளையாட்டுகளில் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. புதிதாக ஒன்று வாங்கினால் லட்சத்தைத் தொடும். எங்களால் ஒதுக்க முடிந்தது 25,000 ரூபாய். அன்றைய மாற்று மதிப்பில் ஏறக்குறைய 43,000 யென்.

கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அதன் உள்ளே இருக்கும் பொருள்கள் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. எது மூத்துவிட்டது, எது இன்னும் தெம்பாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குக் காசு செலவில்லை. நான் கிளம்பும் முன்பே தம்பி அதைச் செய்திருந்தான். விளையாட்டு ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று திரையின் மூலையில் காட்டவைத்துப் பார்த்தான். பெரும்பாலான நேரம் 98, 99-ல் நின்றது. முட்டுக்கட்டை கார்டுதான். ஆனால் ஜனநெருக்கமான நகரக் காட்சிகளில் கார்டின் உழைப்பு சட்டென்று குறைந்து, படமும் திக்கித் திணறியது. ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தான். அப்போதும் வேகம் கூடவில்லை. அங்கே தடுப்பது பிராசசர். ரேமும் எஸ்எஸ்டியும் எந்த இடத்திலும் குறுக்கே நிற்கவில்லை.

கார்டைப் பொறுத்தவரை வேகம் மட்டுமே பிரச்சினை இல்லை. ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016-ல். ரே டிரேசிங் எனப்படும் ஒளிக் கணக்குக்கான தனி வன்பொருள் அதில் கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அந்த வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதில்லை. போதாததற்கு 2025 அக்டோபரோடு, அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர் தருவதை என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். ஆக, மூப்படைந்தது எது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நிஷி-கசாயில் என் சித்தி மகன் இருக்கிறான். டோக்கியோவில் நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதி அது. டோசாய் லைனில் ஏறி, கயாபாச்சோவில் ஹிபியா லைனுக்கு மாறினால் அகிஹபரா. ஜப்பானிய மொழி தெரிந்த அவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

சூவோ தெருவிலும் அதன் பின்சந்துகளிலும் பழைய பொருள் விற்கும் கம்ப்யூட்டர் கடைகள் நிறைய. சோஃப்மாப், ஜான்பாரா, டோஸ்பாரா என்று பெயர்பெற்றவையும் உண்டு. படிக்கட்டு ஏறிப் போக வேண்டிய பெயர் தெரியாத ஒற்றை அறைகளும் உண்டு. இவற்றுக்குள் நுழைந்தபோது ஏற்பட்ட பிரமிப்பு இன்னும் தணியவில்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கிராபிக்ஸ் கார்டுகள் தலைமுறை வாரியாக நிற்கின்றன, தூசி துடைத்து, உறையிட்டு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு. சித்தி மகன் வாசித்துச் சொல்லச் சொல்ல நான் அசந்துபோனேன். பெட்டி இல்லை. பின்தகட்டில் இரண்டு கீறல். இடது விசிறி மெதுவாகச் சுற்றும்போது சத்தம் வரும். மூன்று டிஸ்ப்ளே போர்ட்டில் ஒன்று வேலை செய்யாது. விலைக்கு மேலேயே குறையை எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

வாசலோரம் ஜங்க் கூடைகள். ஓடும் என்று கடைக்காரர் உறுதி தராத பொருள்கள். திருப்பித் தர முடியாது, ஆனால் விலை சொற்பம். அதிலும் பலவற்றில் சீட்டு உண்டு: ‘படம் வரவில்லை’, ‘சோதிக்கவில்லை’. முதுகில் பையுடன் ஒரு தாத்தா கூடைமேல் குனிந்து, ஒவ்வொரு மதர்போர்டாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன், அவரைப் பார்த்து அதேபோல் திருப்பிப் பார்த்தான். அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

எங்கள் பட்ஜெட்டுக்குள் வந்த கார்டு ஆர்எக்ஸ் 6600. 2021 அக்டோபரில் ஏஎம்டி வெளியிட்டது. 8 ஜிபி நினைவகம், 132 வாட். நான் சொன்ன அந்த இரண்டு விளையாட்டுகளும் தங்கள் குறைந்தபட்சத் தேவையில் இந்தக் கார்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. பழைய சரக்காக இருபதாயிரம் யென்னைச் சுற்றிக் கிடைத்தது. பக்கத்திலேயே 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 இருந்தது. அது இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாகத் தாங்கும் கார்டு. மனசு அதன் பக்கம் சாய்ந்ததும் உண்மை. ஆனால் அதற்கு 170 வாட் வேண்டும், விலையும் கணிசமாகக் கூடுதல், பிராசசருக்குக் காசு மிஞ்சாது. மதுரை வெயிலில், சிறிய யூபிஎஸ்ஸின் துணையில் ஓடும் மெஷினுக்கு 132 வாட் பெரிய வரம். ஆர்எக்ஸ் 6600, போர்டோடு தரவு பரிமாற எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்தும் கார்டு. எங்கள் பழைய பி450 போர்டின் மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் கொஞ்சம் வேகம் குறையும். அந்தக் கொஞ்சத்துக்காக போர்டை மாற்றுவது புத்திசாலித்தனமில்லை. இதன் தம்பியான ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நாலே லேன் கொண்டது. பழைய போர்டில் அது உண்மையிலேயே தடுமாறும். விலை குறைவு என்று அதை எடுக்கவே கூடாது.

பழைய கார்டு என்றதும் எல்லோரும் கேட்பது கிரிப்டோ மைனிங்கில் ஓடியதா என்பது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டதும், பண்ணைகளில் ராப்பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. அப்படி ஓடியதாலேயே சிப் கெட்டுப்போவதில்லை. தேய்வது விசிறி, காய்வது தெர்மல் பேஸ்ட். அதனால் கடைக்காரரிடம் கார்டைக் கண்ணாடிக்கு வெளியே எடுத்துக் காட்டச் சொன்னோம். அவர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு மெத்தைத் தட்டில் வைத்து, விளக்கைத் திருப்பிக் காட்டினார். விசிறியை விரலால் சுழற்றினேன், ஆட்டமில்லை. திருகுகளின் தலை தேயவில்லை. யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினால் சுற்றுலாப் பயணிக்கு 10 சதவீத நுகர்வு வரி கழியும், 5,000 யென்னுக்கு வாங்கினால் போதும். பழைய பொருளுக்கும் அது உண்டு என்பது நான் எதிர்பாராத சந்தோஷம்.

பிராசசரை அன்று வாங்கவில்லை. அதற்கு முன்னால் மதுரையில் ஒரு வேலை முடிய வேண்டும்.

ஏஎம்4 சாக்கெட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2017-ல் முதல் ரைசனோடு பரவலான சாக்கெட் அது. 2022-ல் வந்த ரைசன் 5 5600-ம் அதே 1331 கால்களோடு அதே சாக்கெட்டில் உட்காருகிறது. மதர்போர்டை மாற்றாமல் மூன்று தலைமுறை தாண்டலாம். இதைவிடப் பெரிய உபகாரத்தை ஒரு சிப் நிறுவனம் நடுத்தரக் குடும்பத்துக்குச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் 2600-ல் 16 எம்பி எல்3 கேஷ், அதுவும் இரண்டு பாதியாகப் பிரிந்து கிடக்கும். 5600-ல் 32 எம்பி, ஒரே துண்டாக, ஆறு கோர்களுக்கும் பொதுவாக. மின்சாரத் தேவை இரண்டுக்கும் அதே 65 வாட். விளையாட்டில் திக்கல் குறைய இதுவே வழி. 96 எம்பி கேஷ் கொண்ட 5700எக்ஸ்3டி-யும் ஏஎம்4-ல் உண்டு, அருமையான பிராசசர். ஆனால் அதை வாங்கினால் கார்டை மறந்துவிட வேண்டியதுதான்.

நிபந்தனை ஒன்றுதான். பழைய போர்டின் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே. புது பிராசசரை மாட்டிவிட்டுப் பழைய பயாஸோடு ஆன் செய்தால் திரை இருட்டாகவே இருக்கும். அந்த வேலையைத் தம்பி செய்தான். ஜப்பானுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நான் நிஷி-கசாயில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மதுரையில் மாலை விளக்கு வைக்கும் நேரம். வீடியோ காலில் போனை மானிட்டருக்கு எதிரே சாய்த்து வைத்திருந்தான். பென்டிரைவை எஃப்ஏடி32-ல் ஃபார்மேட் செய்து, போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து அதே மாடலுக்கான கோப்பை இறக்கியிருந்தான். நடுவில் ஒரு இடைப்பட்ட பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக வேண்டும் என்ற குறிப்பையும் கவனித்திருந்தான்.

“யூபிஎஸ்ல சார்ஜ் இருக்காடா?”

“ஃபுல்லா இருக்குக்கா. அம்மாகிட்ட மிக்ஸி போட வேணாம்னு சொல்லிட்டேன்.”

பச்சைக் கோடு நகர்ந்து முடிந்து, மெஷின் அணைந்து, மறுபடி உயிர் பெற்றது. “வந்துருச்சுக்கா,” என்றான். பதிப்பு எண்ணைப் படமெடுத்து அனுப்பினான். மறுநாள் மாலை அந்தப் படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் 5600-ஐ வாங்கினேன். ஏஎம்4 பிராசசரின் கால்கள் பிராசசரிலேயே இருப்பவை. பழையது வாங்கும்போது ஒரு கால் வளைந்திருந்தாலும் தலைவலி. இதிலும் கடைக்காரர் முந்திக்கொண்டார். நாங்கள் கேட்கும் முன்பே பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்து, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கி நின்றார். எல்லாக் கால்களும் நேராக இருந்தன.

ரேம் விற்கும் பகுதிதான் அந்தப் பயணத்தில் கண்ட சோகமான இடம். அலமாரிகள் பாதி காலி. ஆளுக்கு இத்தனைதான் என்று கடைக்குக் கடை அறிவிப்புத் தாள்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாரிக்கொண்டு போவதால், சாதாரண ரேமின் விலை சில மாதங்களிலேயே பல மடங்காகியிருந்தது. நான் அங்கிருந்த அதே வாரம், டிசம்பர் 3 அன்று, க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. ஒரு கடையில் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, பேசாமல் வெளியே போனார்கள். புது மெஷினுக்கு மாறுவதென்றால் ஏஎம்5 சாக்கெட், அதற்கு டிடிஆர்5 ரேம். எங்கள் பட்ஜெட் முழுவதையும் ரேமே விழுங்கியிருக்கும். மதுரையில் போர்டோடு ஒட்டிக் கிடக்கும் அந்த இரண்டு டிடிஆர்4 துண்டுகளை அன்று நான் நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

பவர் சப்ளை பக்கம் நான் போகவே இல்லை. எங்களிடம் இருப்பது 550 வாட். ஆர்எக்ஸ் 6600-க்கு 450 வாட் போதும் என்பது ஏஎம்டியின் கணக்கு. பவர் சப்ளையைப் பழையதாக வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மற்ற பொருள் கெட்டால் அது மட்டும் போகும்; இது கெட்டால் கூட இருப்பதையும் சேர்த்துக்கொண்டு போகும்.

அகிஹபராவிலிருந்து மேட்டில் ஏறினால் கந்தா மியோஜின் கோயில். 1616-ல் இப்போதைய இடத்துக்கு வந்த பழம்பெரும் கோயில். அங்கே கம்ப்யூட்டர்களுக்கும் தகவல்களுக்கும் பாதுகாப்பு வேண்டி ரட்சை தருகிறார்கள். மெஷின்மேல் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் வடிவில். ஆயுத பூஜையன்று சிபியூவுக்குச் சந்தனம் வைத்து வளர்ந்தவளுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதுபோல் இருந்தது. தம்பிக்காக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பழைய பொருளுக்குக் கடைகள் தருவது குறுகிய கால உத்தரவாதம்தான், ஊர் திரும்பியபின் அதனால் பயனில்லை. ஆகவே டோக்கியோவிலேயே சோதித்துவிட வேண்டும். சித்தி மகனின் கம்ப்யூட்டரைத் திறந்து, அவன் கார்டைக் கழற்றி, எங்கள் 6600-ஐ மாட்டினோம். சிறிய பிளாட், சமையல் மேடைதான் எங்கள் பட்டறை. இரவு முழுக்கச் சுமையேற்றும் சோதனையை ஓடவிட்டோம். படத்தில் புள்ளியோ கோடோ வரவில்லை, விசிறிகள் இரண்டும் ஒரே சுருதியில் சுற்றின, வெப்பம் ஓரிடத்தில் ஏறி அங்கேயே நின்றது. காலையில் அவன் அணைத்துவிட்டு, “தாராளமா கொண்டு போலாம்க்கா,” என்றான். கார்டை ஆன்டிஸ்டாட்டிக் உறையில் சுற்றி, ஸ்வெட்டருக்குள் வைத்து, பில்லோடு கைப்பையில் எடுத்துவந்தேன்.

மதுரையில் பொருத்த ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. பழைய பிராசசரைத் தூக்கும் முன் கொஞ்ச நேரம் மெஷினை ஓடவிட்டோம். காய்ந்த பேஸ்ட் இளகினால்தான் கூலரோடு சேர்ந்து பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வராது. தம்பி கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுத்தான். புதுப் பேஸ்ட், அதே கூலர். பழைய என்விடியா டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு ஏஎம்டி டிரைவரைப் போட்டோம். இந்தியானா ஜோன்ஸ் திறந்தது. நடுத்தர செட்டிங்கில், 1080பி-யில், காட்டு வழியில் இலைகளின் நிழல் தரையில் அசைவதைத் தம்பி நடக்காமல் நின்று பார்த்தான். பிறகு பழைய விளையாட்டின் அந்த நகரக் காட்சியைத் திறந்து, சந்தைத் தெருவுக்குள் ஓடவிட்டான். திக்கல் போயிருந்தது.

பட்ஜெட்டில் கொஞ்சம் மீந்திருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1060-ஐத் தம்பியின் நண்பன் ஒருவன் கேட்டிருக்கிறான்; புது விளையாட்டு ஓடாது, புது டிரைவர் வராது என்று சொல்லியே கொடுக்கிறோம். அந்தக் காசையும் மீதியையும் சேர்த்து வைத்திருக்கிறோம். இனி மெஷினில் மூத்தது பவர் சப்ளைதான். அடுத்த கோடைக்குள் அதை மாற்ற வேண்டும், புதியதாக, வாரண்டியோடு, மதுரையிலேயே.